ஒரு க்ளிக்கிற்கு ஒரு பேட்டன்ட்

ஆன்லைன் கடையில் ஒவ்வொரு முறையும் முகவரி, கார்டு எண் என்று டைப் செய்வது எரிச்சல்தானே? இவற்றை ஒருமுறை வாங்கி சர்வரில் வைத்துக் கொண்டு, அடுத்த முறை உங்கள் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டு, ஒரே க்ளிக்கில் ஆர்டரை முடிப்பதுதான் அமேசானின் 'ஒன்-க்ளிக்' முறை. 1999-ல் இதற்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள்.

புதிதாக இருந்தால் மட்டும் பேட்டன்ட் கிடைக்காது. அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு எளிதில் தோன்றக் கூடியதாகவும் அது இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரை அடையாளம் காண உதவும் 'குக்கி' 1994-லேயே வந்து விட்டது. புரோகிராமரான எனக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஆனால் விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் சுலபம்தான்! அமேசான் விண்ணப்பித்த 1997-ல், 'ஷாப்பிங் கார்ட்' முறையே வழக்கமாக இருந்தபோது, இது தோன்றியிருக்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

பேட்டன்ட் கிடைத்த 1999-லேயே, போட்டியாளரான பார்ன்ஸ் அண்டு நோபிள் மீது அமேசான் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. எதிர்த்தரப்பு பழைய உதாரணங்களைத் தேடிக் கொண்டு வந்தது. கம்ப்யூசர்வ் சேவையில், பங்கு விலை சார்ட் ஒன்றை ஒரே க்ளிக்கில் 50 சென்ட்டுக்கு வாங்கும் வசதி முன்பே இருந்ததாம். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேட்டன்ட் செல்லுமா என்பதே சந்தேகம் என்று சொல்லித் தடையை நீக்கியது. மறு ஆண்டு இருவரும் சமரசமானார்கள்.

ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகம், இதில் கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவுமில்லை என 2011-ல் மேல்முறையீட்டிலும் மறுத்து விட்டது. அமெரிக்காவிலோ, ஷாப்பிங் கார்ட் முறையோடு சேர்ந்து வருவதற்கு மட்டும் என்று எல்லையைச் சுருக்கி, 2010-ல் உறுதி செய்தார்கள். 2017-ல் காலாவதியாகும் வரை அது அங்கே செல்லுபடியானது.