சன்ஷேடுக்கு அடியில் ஒரு பள்ளம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வீடுகளின் வெளிச்சுவர்களைப் பாருங்கள். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் கறுத்த பாசி. அதன் கீழே உப்புப் பூத்து உரிந்த பெயின்ட். மழை படாத இடம் ஏன் நனைகிறது?

டம்ளரை மெல்லச் சாய்த்தால் தண்ணீர் நேராக விழாமல் டம்ளரின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு வழியும். சன்ஷேடின் விளிம்புக்கு வரும் மழைநீரும் அப்படித்தான் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே ஊர்கிறது. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் வேகமாகச் சுவரைத் தொட்டுவிடும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அடிப்பக்கத்தில் நீளவாக்கில் அரை அங்குலப் பள்ளம் ஒன்று போதும். அதைக் கடக்க நீர் மேல்நோக்கி ஏற வேண்டும். ஏற முடியாமல் பள்ளத்தின் வெளி ஓரத்திலேயே திரண்டு சொட்டிவிடும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே சட்டம் வைத்து இந்தப் பள்ளத்தை எடுத்துவிடலாம். பள்ளத்தின் முனைகளைச் சுவர்வரை இழுத்துவிடக் கூடாது; இழுத்தால் அதுவே நீரைச் சுவரில் கொண்டு சேர்க்கும் வாய்க்காலாகிவிடும். கொத்தனார் ஒழுங்காக எடுத்த பள்ளத்தைப் பின்னால் வருபவர்கள் பட்டி பூசி அடைத்துவிடுவதும் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலின் வெளிப்படிக்கும் இதே பள்ளம் வேண்டும். கைப்பிடிச்சுவரின் தலைப்பு மட்டும் மாடியை நோக்கிச் சரிந்திருக்கட்டும்.

நீரைச் சுவரிலிருந்து விலக்கி விழவைக்கும் எண்ணம் நம் சிற்பிகளுக்குப் பழக்கமானது. கோயில்களில் வெளியே நீண்டு கீழ்நோக்கி வளையும் கொடுங்கை அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆவுடையார்கோயிலில் மரச்சட்டமும் ஆணியுமாகக் கருங்கல்லிலேயே செதுக்கிய அதன் அழகில் மயங்கி, அது மழைக்கானது என்பதை மறந்துவிடுகிறோம்.

சுவர் நனைந்தால் பலரும் முதலில் ஓடுவது வாட்டர்ப்ரூஃப் பெயின்டுக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் வழியே நீரை இழுக்கும். வெயிலில் அதே வழியே அதை வெளியேற்றும். ஈரச்சுவரின் முகத்தை அடைத்தால் நீர் உள்ளே சிக்கிப் பெயின்ட் கொப்பளிக்கும். நீரில் கரைந்த உப்பு பூச்சுக்குள் படிகமாகி, உள்ளிருந்தே அதை உடைக்கும்.

பழைய வீட்டில் கட்டிங் மெஷினால் பள்ளம் வெட்டாதீர்கள்; கம்பியை மூடிய காங்கிரீட் குறைந்துவிடும். விளிம்பின் அடியில் மெல்லிய அலுமினியப் பட்டையைக் கீழே நீட்டியபடி ஒட்டலாம். ஒட்டியபின் சன்ஷேடின்மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடிப்பரப்பில் கை வைத்துப் பாருங்கள். பட்டைக்கு உள்பக்கம் காய்ந்திருந்தால் வேலை சரி.