சலம் போனால் மட்டும் போதுமா?

"எனக்கென்ன, சலம் வடிவாப் போகுது" என்பார்கள் எங்கள் பெரியவர்கள். மொன்ட்ரியால்-நோரில் சிறுநீரகப் பேச்சை எடுத்தாலும் இதே பதில்தான். அளவை நம்பித்தான் ஏமாறுகிறோம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிப்பது ஏறக்குறைய 180 லீட்டர். ஒன்றரை லீட்டர் அளவில்தான் வெளியே வருகிறது. மிச்சம் இரத்தத்துக்கே திரும்புகிறது. வடிகட்டிகளில் பாதி செத்துப்போனாலும் அந்த ஒன்றரை லீட்டர் வந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் வலியும் இராது. கழிவு மட்டும் உள்ளே தேங்கும்.

ஆகவே குடும்ப மருத்துவரிடம் இரண்டு சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, இரத்தத்தில் கிரியேற்றினின். தசைகளிலிருந்து வரும் இந்தக் கழிவின் அளவை வைத்தே வடிதிறனைக் கணக்கிடுகிறார்கள். அது 60 இற்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். மற்றது, சலத்தில் அல்புமின். வடிகட்டி பழுதாகும்போது ஒழுகும் புரதம் இது. பலருக்கு இரத்தச் சோதனைக்கு முன்பே இதுதான் காட்டிக்கொடுக்கிறது. சலரோகமோ பிரஷரோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தே ஆகவேண்டும். நேரத்தோடு பிடித்தால் மாத்திரைகளாலேயே நோயைப் பல ஆண்டுகள் இழுத்துப் பிடிக்கலாம். முழங்கால் வலிக்குத் தினமும் இபுபுரோஃபென் போடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பிந்தினால் டயலிசிஸ். நெதர்லாந்தில் 1943 இல் வில்லெம் கொல்ஃப் செய்த முதல் இயந்திரத்தில், இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாய்தான் வடிகட்டி. போருக்குப் பிறகு தன் இயந்திரங்களில் ஒன்றை அவர் மொன்ட்ரியாலின் ரோயல் விக்டோரியா மருத்துவமனைக்குக் கொடுத்தார். அதே மருத்துவமனையில் 1958 இல், 15 வயது இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தியின் சிறுநீரகம் மற்றவளுக்குப் பொருத்தப்பட்டது. ஒரே கருவில் பிறந்தவர்கள் என்பதால் உடல் அதை அந்நியமாக நினைக்கவில்லை. அப்படி இரட்டையர் வாய்க்காதவர்கள் வாழ்நாள் முழுதும் மருந்து எடுக்கவேண்டும். அதற்கு முன் பொருந்தும் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கவேண்டும்.

அப்படிக் காத்திருக்கும் ஒரு மாமாவின் முன்னங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்த இடம். விரலை வைத்தால், மடியில் படுத்த பூனையின் உறுமல்போல உள்ளே அதிர்கிறது. அந்தக் கையில் பிரஷர் பட்டி கட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கிழமைக்கு மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம் ஊசி ஏறுவது அங்கேதான். பனி கொட்டினாலும் போகத்தான் வேண்டும். காலையில் கண் விழித்ததும் மாமா முதலில் அந்தக் கையைக் காதோடு வைத்துக் கேட்பார். இரைச்சல் நின்றிருந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.