கறக்காமலே வரும் ஆதாயம்

கையில் இருக்கும் டீயின் பாலிலிருந்தே தொடங்குவோம். அது பொள்ளாச்சிப் பக்கமோ கோபிப் பக்கமோ விடியுமுன் கறந்த பாலாக இருக்கலாம். கறந்தவர் அதை ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில் ஊற்றலாம். கூடுதல் விலை தந்தால் தனியார் பால் வண்டிக்கும் ஊற்றலாம். சொசைட்டியில் ஊற்றுபவருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்தது. பசும்பாலுக்கு 35 ரூபாயாக இருந்தது 38 ஆனது.

"வரிப்பணம் இப்படித்தான் போகுது" என்று பக்கத்து பெஞ்சில் ஒருவர் சலித்துக்கொள்வார். அரசு ஆதரவு என்றாலே கஜானாவிலிருந்து போகும் பணம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். இங்கே கொஞ்சம் நிதானிப்போம். அந்த 3 ரூபாய் சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் அது கணக்கில் இருக்கிறது, சட்டசபையில் கேள்வி கேட்கலாம். எந்தக் கணக்கிலும் ஏறாத ஆதரவு வேறொன்று உண்டு. போட்டியாளரை உள்ளே விடாத விதி அது.

பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுவது, முண்டுவது, சண்டை போடுவது என்று எவ்வளவு பாடு! அத்தனைக்கும் பஸ்ஸில் ஒரு சீட்டுகூடக் கூடுவதில்லை. தொழிலிலும் பொருளைப் பெருக்க உழைக்காமல் விதியைத் தம் பக்கம் வளைக்க உழைப்பவர்கள் உண்டு. இந்த ஆதாய வேட்டையைப் பற்றி 1974-ல் பொருளியலாளர் ஆன் க்ரூகர் எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று நம் நாட்டு இறக்குமதி லைசென்ஸ். இதில் லஞ்சம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மனு கொடுத்து, டெல்லிக்கு நடையாய் நடந்து, எல்லாம் சட்டப்படியே முடியலாம்.

பாலிலும் இது நடந்தது. 1991-ல் பால் பதப்படுத்தும் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானதும் தனியார் டெய்ரிகள் கிளம்பின. மறு ஆண்டு ஜூனிலேயே மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. நாளுக்கு 10,000 லிட்டருக்கு மேல் கையாளும் டெய்ரி பதிவு செய்ய வேண்டும் என்றது அது. சுத்தம், தரம் என்ற நியாயமான பேச்சுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: யார் எந்தப் பகுதியில் பால் எடுக்கலாம் என்பதையும் அந்தப் பதிவே சொல்லும். ஒருவர் பகுதிக்குள் இன்னொருவர் வண்டி போகக் கூடாது.

தனியாரிடமிருந்து தங்களைக் காக்க இந்த வேலியைக் கேட்ட கூட்டுறவுகளின் பக்கத்து நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. சினை ஊசி, மாட்டு வைத்தியம், தீவனம் என்று பல வருஷம் செலவழித்தது அவர்கள். பால் பெருகியபின் அள்ளிப்போக வருவது வேறொருவர். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த விதி யார் கையைக் கட்டியது என்று பாருங்கள். புண்ணாக்கு விலை ஏறும்போது பாலுக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் இருக்கும் ஒரே பிடி, "இல்லைன்னா அந்த வண்டிக்கு ஊத்திருவேன்" என்பதுதான். அந்த வண்டியே வராது என்றால்? அவருக்குக் கிடைக்காமல் போகும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படாது. ஊக்கத்தொகையைவிட இதையே நான் மோசமான ஆதரவு என்பேன்.

2002-ல் அந்த எல்லை ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள். எண்ணம் மட்டும் போகவில்லை. 2023 மே மாதம் அமுல் நிறுவனம் கிருஷ்ணகிரியில் பால் குளிரூட்டும் நிலையங்களை அமைத்தபோது, ஆவினின் பகுதியில் கொள்முதல் செய்வதை நிறுத்தச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் பகுதிக்குள் மற்றவர் நுழையாமலிருப்பதே வழக்கம் என்பது அவர் வாதம். அமுல், ஆவின் இரண்டுமே கூட்டுறவுகள். தனியாரிடமிருந்து கூட்டுறவைக் காக்க 1992-ல் கேட்ட வேலியை, 31 ஆண்டு கழித்து ஒரு கூட்டுறவிடமிருந்து இன்னொரு கூட்டுறவைக் காக்கக் கேட்டார்கள்.