மகசூல் மதிப்பீடும் கோட்டுப் படமும்

நெல் விளைவைக் கண்ணால் மதிப்பிடுவது நெடுநாளைய வழக்கம். ஆயினும் கண்மதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நஷ்ட ஈட்டை நிர்ணயிப்பதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை முக்கிய ஆதாரமாகும். அதில் நேரும் பிழை ஒரு வயலோடு நில்லாது, அப்பகுதிக் குடியானவர் அனைவரையும் பாதிக்கும்.

அளவும் பெருக்கமும்

பக்கம் 5 மீட்டர் உள்ள சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். எனவே சதுரத்தில் கிடைத்த நெல்லின் எடையை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல் வரும். 12 கிலோவுக்கு 1,944 கிலோ. மனக்கணக்காக 160-ஆல் பெருக்க 1,920 வரும். இரண்டும் நெருங்கியிருந்தால் கணக்குச் சரியென அறியலாம்.

சதுரத்தின் இடத்தைச் சீட்டுப் போட்டே குறித்தல் வேண்டும். மூன்று இடங்களில் 9, 12, 15 கிலோ கிடைத்தால் சராசரி 12. செழித்த இடத்தை மட்டும் கொண்டால் 2,430 கிலோ என்று தவறாக முடியும்.

எல்லையில் நேரும் பிழை

கயிறு பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் நீண்டால் பரப்பு 26.01 சதுர மீட்டராகும். ஏக்கர் கணக்கில் சுமார் 78 கிலோ மிகும். சதுரம் சிறுத்தால் எல்லைக்கோட்டின் பங்கு பெருகி, ஓரத்துக் குத்துகளைச் சேர்ப்பதில் தவறும் பெருகும். மிகச் சிறிய துண்டுகள் மகசூலை மிகைப்படுத்திக் காட்டுவதைப் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே 1940-களிலேயே எடுத்துக் காட்டினார்.

கோட்டுப் படம்

ஒவ்வொரு முறையும் பெருக்குவதைத் தவிர்க்கக் கட்டம் போட்ட காகிதம் உதவும். கிடைக்கோட்டில் சதுரத்தின் எடையை, கட்டத்துக்கு 1 கிலோவாகக் குறிக்க. நிலைக்கோட்டில் ஏக்கர் மகசூலை, கட்டத்துக்கு 200 கிலோவாகக் குறிக்க. 5 கிலோவுக்கு நேரே 810, 10 கிலோவுக்கு நேரே 1,620 எனப் புள்ளியிட்டு இணைத்தால் நேர்கோடு கிடைக்கும். அது பூஜ்யத்தின் வழியே செல்லாவிடில் புள்ளி தவறியதென்று கொள்க.

ஈரநெல்லுக்கு இரண்டாவது கோடு வேண்டும். 22 சதவீத ஈரமுள்ள நெல் 14 சதவீதத்துக்கு உலர்ந்தால், 100 கிலோ ஏறக்குறைய 91 கிலோவாகும். ஆகவே 10 கிலோவுக்கு நேரே 1,470-இல் புள்ளியிட்டுப் பூஜ்யத்துடன் இணைக்கவும். 12 கிலோவுக்கு இக்கோடு சுமார் 1,760 கிலோ காட்டும். களஞ்சியத்துக்கும் விற்பனைக்கும் திட்டமிட வேண்டியது இந்த எண்ணையே.

இரு கோடுகளும் வரைந்த காகிதத்தைக் கிராம அதிகாரிகள் பரிசோதனைக்கு உடன்கொண்டு செல்வதும், குடியானவர்கள் எடை போடும்போது அருகிருந்து எண்ணை ஒத்துப் பார்ப்பதும் இரு சாராருக்கும் நலம் பயக்கும்.