உஷார்! ‘யாரும் கேட்காத ராஜா பாட்டு’ என்று மெசேஜ் வருகிறதா?

தொடாதீர்கள்! முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர். பெயர் வேண்டாம், பட்ட அவமானமே அவருக்குப் போதும். ராஜா என்றால் உயிர். அலமாரி முழுக்க கேசட். 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜா ஒரு சிம்பொனி பதிவு செய்தாரே? வெளிவராமலே போன அந்தப் பதிவை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பார். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ சிம்பொனி வேறு. ஆனால் அதற்குப் பிறகு இவருடைய பழைய ஏக்கம் இரண்டு மடங்கானது.

அந்த ஏக்கத்தை எவனோ மோப்பம் பிடித்துவிட்டான்.

ரசிகர் குரூப்பில் இருந்த ஒரு நம்பரிலிருந்து தனி மெசேஜ். “அண்ணே, 93 சிம்பொனி ஸ்டுடியோ காப்பி எங்கிட்ட இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க.” மூன்று நிமிட சாம்பிளும் வந்தது. வயலினெல்லாம் பிரமாதமாக இருந்ததாம். முழுசுக்கும் 499 ரூபாய். சின்னத் தொகைதானே என்று அனுப்பிவிட்டார். பாட்டு வரவில்லை. “இதுலதான் ஓடும்ணே” என்று ஓர் ஆப் வந்தது. பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்! எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். ரெஜிஸ்டர் செய்ய 1 ரூபாய் என்று கார்டு விவரம் கேட்டது, கொடுத்தார்.

விடிவதற்குள் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் மொத்தமும் போய்விட்டது. ஓ.டி.பி.க்களை அந்த ஆப்பே படித்து அனுப்பிவிட்டது.

அதைவிட என் வயிற்றைக் கலக்கியது இதுதான். “பாட்டுக்குப் போய் ஏமாந்தியா” என்று கேட்பார்களே என்று கூச்சப்பட்டு, இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பணத்தை மடக்கிப் பிடித்திருக்கக்கூடிய நேரம் அதிலேயே போனது.

கொஞ்சம் யோசியுங்கள். வெளிவந்த பாட்டை ஒருவன் மாற்றிக் கொடுத்தால் உடனே பிடித்துவிடுவோம். இன்டர்லூட் வரை மனப்பாடம் நமக்கு. யாருமே கேட்காத பாட்டில்? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கிடையாது! எதை நீட்டினாலும் அதுதான் அசல். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான சரக்கு ஏது?

குரலை வைத்தும் நம்பாதீர்கள். 1997-ல் மறைந்த ஷாகுல் ஹமீதும் 2022-ல் மறைந்த பம்பா பாக்யாவும் 2024-ல் ‘லால் சலாம்’ படத்தில் பாடினார்கள். ஏ.ஐ. செய்த வேலை. ஏ.ஆர். ரஹ்மான் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்துச் செய்தார். திருடன் யாரிடம் அனுமதி கேட்பான்? 2023-ல் அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் ஓஷனின் ‘வெளிவராத பாட்டுகள்’ என்று ஏ.ஐ.யில் செய்ததை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றிருக்கிறான் ஒருவன். வாங்கியவர்கள் அவருடைய பாட்டிலேயே ஊறிய ரசிகர்கள்!

“நிஜமாவே ஒரிஜினலா இருந்தா?” என்கிறீர்களா? அப்போதும் அது திருட்டுச் சரக்கு. 2019-ல் ரேடியோஹெட் ராக் குழுவின் ஸ்டுடியோ பதிவுகளை எவனோ திருடினான். 1,50,000 டாலர் கேட்டதாகக் குழுவே சொன்னது. அவர்கள் ஒரு பைசா தரவில்லை. தாங்களே 18 பவுண்டுக்கு வெளியிட்டு, வந்த பணத்தைப் பருவநிலைப் போராட்டக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில், 1957 காப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே திருட்டுப் பதிவைப் பரப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளே, விளையாட்டாக ஃபார்வர்டு செய்யாதீர்கள். உங்கள் படிப்பு என்ன ஆவது?

“யாரிடமும் சொல்லாதே” என்றாலே ஆபத்து. “இன்னிக்கு ராத்திரியோட லிங்க் போயிடும்” என்று அவசரப்படுத்தினால் ஆபத்து. ஃபைல் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது பாட்டே இல்லை! பாட்டு கேட்க எஸ்.எம்.எஸ். அனுமதி எதற்கு? கார்டு நம்பர் எதற்கு? “பிடிக்கலன்னா பணம் ரிட்டர்ன், பின் நம்பர் போடுங்க” என்பான். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

மாட்டிக்கொண்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே போனில் நெட்டை நிறுத்துங்கள். வேறு போனிலிருந்து 1930-க்கு அடியுங்கள். பேங்கில் சொல்லி கார்டை முடக்குங்கள். வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. நம் கடலூர் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம்.

இன்றைக்கே அப்பாவின் போனையும் வாங்கிப் பாருங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் இறக்க எதற்காவது அனுமதி கொடுத்து வைத்திருந்தால், ஆஃப் செய்துவிடுங்கள். திட்டாமல் செய்யுங்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டார்.