பகலில் உறங்குகிறவர்களுக்கும் ஓர் அளவுகோல்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 20 ஏக்கரில் 13 பிளாக்குகள். ஒரு பிளாக்கில் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். மொத்தம் 18,720 படுக்கைகள். ஒரு பேரூராட்சியின் ஜனத்தொகையே ஒரு வளாகத்துக்குள் வந்துவிட்டது.

2021 டிசம்பரில் தனியார் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். கோபத்தில் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்தார்கள். அந்த வட்டாரத்தில் இப்படியொரு குடியிருப்பு எழுந்திருப்பது பெரிய காரியம். ஆனால் அது நல்ல குடியிருப்புதானா என்று எதை வைத்துச் சொல்வது?

அளவுகோல்களுக்குக் குறைவில்லை. நகரச் சேவைகளுக்கென 2014-இல் ஐஎஸ்ஓ 37120 வந்தது, ‘ஸ்மார்ட்’ நகரங்களுக்கென 2019-இல் 37122 வந்தது. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் இத்தகைய 16 மதிப்பீட்டு முறைகளை எடுத்து, அவற்றிலுள்ள 958 குறியீடுகளை ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீடித்த வளர்ச்சியை அளக்கும் முறைகளோடு ஒப்பிட்டால், ஸ்மார்ட் நகர முறைகளில் சுற்றுச்சூழலுக்கு இடம் குறைவு என்பது அவர்கள் கண்டது. அந்த முறைகள் தொழில்நுட்பம் இருக்கிறதா என்று பார்க்கின்றன, அதனால் காற்றும் நீரும் மேம்பட்டனவா என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

ஒரகடம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண், குளித்துச் சாப்பிட்டுப் படுக்கக் காலை ஒன்பது, பத்து ஆகிவிடும். அவருக்கு நடுநிசி என்பது பிற்பகல் ஒன்றரை மணி. காங்கிரீட் சுவரும் தளமும் வெயிலை வாங்கி, சில மணி நேரம் கழித்தே உள்ளே விடும். அந்தச் சூடு அறைக்குள் ஏறும் நேரமும், வெளிக்காற்று கொதிக்கும் நேரமும் அவருடைய தூக்கத்தின் மேல்தான் விழுகின்றன. இருபத்துநான்கு மணி நேரச் சராசரி வெப்பநிலையை எடுத்தால், விடியற்காலைக் குளிர்ச்சி இந்த அவதியை மறைத்துவிடும். தேவை மே மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக் கணக்கு, அதுவும் மேற்கு பார்த்த அறையிலும் மேல்மாடியிலும்.

கூடவே காற்று. வெளியே கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் உறங்கும் அறையில் அது மளமளவென ஏறும், புதுக்காற்று போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இதைக் காட்டும் கருவி சில ஆயிரம் ரூபாய்தான். வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் கதவைவிட இதற்குத்தான் நான் முதல் மதிப்பெண் போடுவேன்.

தண்ணீருக்கு வருவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவை வைத்தால், படுக்கைகள் நிரம்பிய வளாகத்துக்கு தினமும் 25 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் ஏறக்குறைய 20 லட்சம் கழிவுநீராக வெளியேறும். அதை என்ன செய்வது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த 2019-இல், கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னையின் சாக்கடை நீர், வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு, நுண்வடிகட்டிகளையும் ஆர்.ஓ. சவ்வுகளையும் தாண்டி, குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வருகிறது. மினுமினுக்கும் திரை எதுவும் இல்லை. என் கணக்கில் இந்தத் தொழில் வட்டாரத்தின் மிக ஸ்மார்ட்டான ஏற்பாடு அந்தக் குழாய்தான்.

ஆனால் மதிப்பீட்டின் எல்லையை ஆலை வேலியோடு நிறுத்திக்கொண்டால் எல்லாமே பச்சையாகத் தெரியும். வேலிக்கு வெளியே வாடகை விடுதிகள் இருக்கின்றன, கிராமத்துக் கிணறுகள் இருக்கின்றன, டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. தொழிலாளி உறங்கும் இடமும், அங்கே வரும் தண்ணீர் எந்த நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் அதே கணக்கில் ஏற வேண்டும்.

அளந்த எண்கள் வார்டனின் கணினியிலேயே தங்கிவிடவும் கூடாது. அறையின் பகல் வெப்பநிலை, காற்றின் நிலை, குடிநீர்ப் பரிசோதனை முடிவு மூன்றையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வாரம்தோறும் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டலாம். அளவு மீறினால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.