டீசல் பிக்கப் வண்டிகளின் ஒப்பீடு (வண்டலூர் வட்டாரம்)

டீசல் பிக்கப் வண்டி என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சுமைத்தட்டும் கொண்ட சிறிய நான்கு சக்கரச் சரக்கு வாகனம் ஆகும். இது ஏறக்குறைய 700 கிலோ முதல் 2 டன் வரை சுமக்கும். பேச்சு வழக்கில் இதை லோடு வண்டி என்பர். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம், தாம்பரம் ஆகிய பகுதிகளில் தண்ணீர் கேன், காய்கறி, சிமெண்ட், வீட்டுச் சாமான் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதில் இவ்வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றில் பல, கடன் தவணை கட்டிக்கொண்டே உரிமையாளர் தாமே ஓட்டும் வண்டிகள். ஆகவே தவறான வண்டியைத் தேர்ந்தெடுத்தால் அதன் விளைவு நேரே குடும்ப வருமானத்தில் தெரியும்.

தோற்றமும் பரவலும்

முன்பு சென்னைப் புறநகரில் சிறு சுமைகளை மாட்டு வண்டி, மீன்பாடி வண்டி, மூன்று சக்கர லோடு ஆட்டோ ஆகியவை சுமந்தன. அதற்கு மேற்பட்ட சுமைக்கு லாரி பிடிக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை 2005ஆம் ஆண்டு மே மாதம் அறிமுகமான டாட்டா ஏஸ் நிரப்பியது. 702 சி.சி. அளவும் 16 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எந்திரம் அதில் இருந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் 'குட்டி யானை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2011இல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த், மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் டீசல் எந்திரத்துடனும் ஒன்றேகால் டன் சுமைத்திறனுடனும் வந்தது.

வட்டாரத்தின் தேவைகள்

வண்டலூர் பல சாலைகள் கூடும் இடம். ஜி.எஸ்.டி. சாலை, மீஞ்சூர் வரை 62 கி.மீ. செல்லும் வெளிவட்டச் சாலை, கேளம்பாக்கம் சாலை, படப்பை, ஒரகடம் வழியாகச் செல்லும் வாலாஜாபாத் சாலை ஆகியவை இங்கிருந்து பிரிகின்றன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின் இப்பகுதியில் போக்குவரத்து மேலும் கூடியது. எனவே ஒரே ஊரில் இரண்டு விதமான ஓட்டங்கள் உள்ளன. ஒன்று, தெருத் தெருவாக நின்று நின்று செல்லும் குறுகிய ஓட்டம். மற்றொன்று, கோயம்பேடு சந்தைக்கோ ஒரகடம் தொழிற்சாலைகளுக்கோ செல்லும் நீண்ட ஓட்டம். ஓர் ஓட்டத்துக்குப் பொருந்தும் வண்டி மற்றதற்குப் பொருந்துவதில்லை.

வகைகள்

இவ்வண்டிகளைச் சுமைத்திறன் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

1. முக்கால் டன் வகை: டாட்டா ஏஸ் இதற்கு எடுத்துக்காட்டு. குறுகிய தெருவில் எளிதில் திரும்பும். எந்திரம் சிறியதாதலால் முழுச் சுமையுடன் மேம்பாலம் ஏறும்போது வேகம் குறையும்.

2. ஒன்றேகால் முதல் ஒன்றரை டன் வகை: அசோக் லேலண்ட் தோஸ்த், டாட்டா இன்ட்ரா வி30, வி50, மகேந்திரா பொலேரோ பிக்கப்பின் 1.3 டன் வகை ஆகியவை இதில் அடங்கும். தோஸ்த், இன்ட்ரா வண்டிகளில் 1.5 லிட்டர் எந்திரமும், பொலேரோ பிக்கப்பில் 2.5 லிட்டர் எந்திரமும் உள்ளன.

3. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வகை: பொலேரோ பிக்கப் 1.7 டன், 2020இல் வந்த படா தோஸ்த் ஐ4 (சுமார் 1,860 கிலோ) ஆகியன. நீண்ட தூரத்துக்கும் கனமான சரக்குக்கும் ஏற்றவை.

விளம்பரங்கள் குதிரைத்திறனை முன்னிறுத்தினாலும், சுமை வண்டிக்கு முறுக்குவிசையே முதன்மையானது. நின்ற இடத்திலிருந்து சுமையுடன் வண்டியைக் கிளப்புவது அதுதான். குறைந்த சுழற்சி வேகத்திலேயே டீசல் எந்திரம் நல்ல முறுக்குவிசை தருவதால் கிளச் பிளேட்டின் தேய்மானமும் குறைகிறது.

உண்மையான சுமைத்திறன்

பதிவுச் சான்றில் (ஆர்.சி.) வெற்று எடை, மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஏற்றத்தக்க எடை. அதில் ஓட்டுநர், உதவியாளர் ஆகியோரின் எடையும் அடங்கும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 840 கிலோ எனில் வேறுபாடு 710 கிலோ. இருவரின் எடை 130 கிலோ போக எஞ்சுவது 580 கிலோ. நீர் நிரம்பிய 20 லிட்டர் கேன் ஒன்று சுமார் 21 கிலோ இருக்கும். ஆகவே அவ்வண்டியில் ஏற்றத்தக்கவை 27 கேன்களே. தட்டில் 40 கேன்களுக்கு இடம் இருப்பதால் 40 கேன்களை ஏற்றலாம் என்று பொருளில்லை.

கட்டுமானப் பொருள்களில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 20 மூட்டை சிமெண்ட் ஒரு டன். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் எம்சாண்ட் நான்கு டன்னுக்கு மேல் இருக்கும். அதை எந்தப் பிக்கப் வண்டியிலும் ஒரே நடையில் ஏற்ற முடியாது. மாறாக, வீட்டுச் சாமான் மாற்றும் தொழிலில் எடையைவிடத் தட்டின் நீளமே முக்கியம்.

நடைச் செலவுக் கணக்கு

டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும், சிறிய வண்டி லிட்டருக்கு 20 கி.மீ., பெரிய வண்டி 14 கி.மீ. தரும் என்றும் கொள்வோம். போய்வரும் தூரம் 30 கி.மீ.

நாள்தோறும் 1,000 கிலோ சரக்கு எனில் சிறிய வண்டி இரண்டு நடை போக வேண்டும். அதற்கு 3 லிட்டர், 276 ரூபாய் ஆகும். பெரிய வண்டிக்கு ஒரு நடையில் ஏறக்குறைய 197 ரூபாய் மட்டுமே. சரக்கு 500 கிலோதான் எனில் சிறிய வண்டிக்கு 138 ரூபாயும், பெரிய வண்டிக்கு அதே 197 ரூபாயும் செலவாகும். நாளைக்கு 59 ரூபாய் வேறுபாடு, 300 வேலை நாட்களில் 17,700 ரூபாய் ஆகிறது. பெரிய வண்டியின் கூடுதல் தவணை இதற்கு மேல். எப்போதாவது கிடைக்கும் பெரிய சுமையை எண்ணிப் பெரிய வண்டி வாங்குவதைவிட, அன்றைக்கு மட்டும் வாடகை வண்டி பிடிப்பது பல வேளைகளில் சிக்கனமானது.

டீசலா, பெட்ரோலா

ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருள் செலவு டீசலில் குறைவு. ஆனால் வண்டியின் விலையும் பராமரிப்பும் கூடுதல். இவ்விரண்டும் சேர்ந்து 80,000 ரூபாய் கூடுதல் என்றும், டீசலால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு மிச்சம் என்றும் கொண்டால், சுமார் 38,000 கி.மீ. ஓடிய பிறகே டீசல் ஆதாயம் தரத் தொடங்கும். நாளைக்கு 120 கி.மீ. ஓடும் வண்டி அதை ஓராண்டு கடந்த சிறிது நாளில் எட்டும். 40 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கு மூன்றாண்டுக்கு மேல் ஆகும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையான பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் இந்த வேறுபாடு கூர்மையானது. அப்போது மாருதி சுசூகி தன் சூப்பர் கேரி வண்டியில் டீசலைக் கைவிட்டது. டாட்டா ஏஸும் பெட்ரோல், சி.என்.ஜி., மின்சாரம் ஆகியவற்றிலும் கிடைக்கிறது.

புகைக்கரி வடிகட்டி

புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைப்போக்கிக் குழாயில் டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டி உள்ளது. சேரும் கரியைச் சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாள் முழுதும் தெருவுக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பயிற்சிக் கையேட்டில் சொன்னபடி வெளிவட்டச் சாலை போன்ற தடையற்ற சாலையில் ஓட்டுவது பல வேளைகளில் போதும். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் வடிகட்டியையே மாற்ற நேரிடலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகும்.

மழைக்கால எச்சரிக்கை

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் பெரும் பாதிப்புக்குள்ளாயின. தண்ணீர் தேங்கிய சாலையில் நின்றுபோன டீசல் வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்து எந்திரமே பழுதாகும். வண்டியைத் தள்ளி அல்லது கட்டி இழுத்து மேட்டுக்குக் கொண்டு சென்று, மெக்கானிக் பார்த்த பின்பே இயக்க வேண்டும்.

சட்ட விதிகள்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. படா தோஸ்த் ஐ4 போன்றவை இந்த எல்லைக்கு மேற்பட்டவை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. வண்டிக்கு எட்டு ஆண்டு ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அளவுக்கு மீறிய சுமைக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

பழைய வண்டி வாங்கும்போது

இருமுறை கைமாறிய வண்டியில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைவிட, அதிகச் சுமை ஏற்றியதன் தடயங்கள் உண்மையைச் சொல்லும். பின்புறப் பட்டைகள் தட்டையாகியிருத்தல், சேசிஸில் வெல்டிங் தழும்பு, டயர்கள் ஒருபக்கமாகத் தேய்தல், தட்டின் அடித்தகடு குழிந்திருத்தல் ஆகியவை முதன்மையானவை. எந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும், கடனும் எஃப்.சி.யும் நிலுவையில் உள்ளனவா என ஆர்.சி.யைச் சரிபார்ப்பதும் அவசியம். சுமையுடன் ஒருமுறை மேம்பாலம் ஏற்றிப் பார்த்தால் கிளச்சின் நிலையும் தெரிந்துவிடும்.